வீழ்ந்தவன் மீதா பழி?

விஞ்ஞானத்தின் பெயரால் சந்தைக்கு வரும் ஒவ்வொரு பொருளையும் கைதட்டி வரவேற்பதே முற்போக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். அப்பொருளிற் குறை காண்பவனைப் பழமைவாதி என்று ஒதுக்குவது இவர்களுக்கு எளிது. விஞ்ஞானம் வேறு, விஞ்ஞானத்தை விலைபேசும் வாணிபம் வேறு. முன்னதை நேசிப்பவனுக்கே பின்னதை உரசிப் பார்க்கும் உரிமை உண்டு, கடமையும் உண்டு. இதனை வெறும் வாய்ப்பாடாகச் சொல்லிச் செல்லாது, அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் அதன் தொடர்ச்சியையும் எடுத்து ஆராய்வோம்.

2003ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில், செக்வே என்னும் அமெரிக்க நிறுவனம் தான் அதுவரை விற்றிருந்த இருசில்லு மின்சார ஸ்கூட்டர்கள் அனைத்தையும் திருத்தத்துக்காகத் திருப்பி அழைத்தது. அவற்றின் தொகை ஏறத்தாழ 6,000. அந்நாட்டு நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழுவுடன் சேர்ந்து விடுத்த அறிவித்தலிற் காரணம் தெளிவாகவே கூறப்பட்டிருந்தது. பற்றரியில் மின்சாரம் தீரும் தறுவாயில் இயந்திரம் போதிய வலுவைக் கொடாது போகலாம். அப்போது அதன்மேல் நிற்பவர் விழக்கூடும். திடீரென வேகத்தைக் கூட்டினாலும், தடை எதிலும் மோதினாலும், பற்றரி குறைந்துவிட்டதென்ற எச்சரிக்கை கிடைத்த பின்னரும் தொடர்ந்து ஓட்டினாலும் இது நேரலாம். மூன்று சம்பவங்கள் பற்றி முறைப்பாடு கிடைத்திருந்தது; அவற்றுள் ஒன்றில் ஒருவரின் தலையிற் காயம் ஏற்பட்டுத் தையல் போட வேண்டியிருந்தது. திருத்தம் யாதெனில், இயந்திரத்தை ஆளும் கணனி நிரலை இலவசமாக மாற்றிக் கொடுப்பது.

ஆறாயிரம் இயந்திரங்களில் மூன்றே சம்பவங்கள். ஒரே ஒரு தலைக்காயம். இதற்கு ஒரு கட்டுரையா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். விழுந்தவர்களின் தொகையைக் கொண்டு மட்டும் இவ்விடயத்தை அளத்தல் பொருந்தாது. எத்தகைய வாக்குறுதியை நம்பி அவர்கள் அதன்மேல் ஏறினார்கள், அவ்வாக்குறுதி எவ்விடத்தில் முறிந்தது, முறிந்தபோது பழி யார் தலையில் விழுந்தது என்பவற்றையே நோக்குதல் வேண்டும்.

வாக்குறுதியை முதலிற் பார்ப்போம். டீன் கேமன் என்பார் கண்டுபிடித்த இவ்வியந்திரம் 2001ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் திகதி தொலைக்காட்சியில் அறிமுகஞ் செய்யப்பட்டது. அதற்கு முந்திய பல மாதங்களாக, பொருள் இன்னதென்று எவரும் அறியாதபடி மறைத்து வைத்து, உலகையே மாற்றப்போகும் அதிசயம் ஒன்று வருகிறதென்று பத்திரிகைகள் முரசு கொட்டின. குதிரை வண்டியை மோட்டார் வண்டி ஒழித்தது போல மோட்டார் வண்டியை இது ஒழிக்கும் என்ற கருத்துப்படக் கண்டுபிடிப்பாளரே பேசினார். ஓராண்டுக்குள் வாரமொன்றுக்கு 10,000 இயந்திரங்கள் வெளிவரும் என எதிர்பார்த்தனர். நடைபாதைகளில் இதனைச் செலுத்த அனுமதிக்கும் சட்டங்களை முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் விரைந்து நிறைவேற்றின. சட்டமன்றங்களின் கதவுகளை நிறுவனத்தின் ஆட்கள் முன்கூட்டியே தட்டியிருந்தனர். விலையோ ஐயாயிரம் டொலரை அண்மித்தது. திருப்பி அழைக்கப்பட்ட பொழுதுதான், இத்தனை முரசொலிக்கும் பின்னர் விற்கப்பட்டவை வெறும் ஆறாயிரமே என்ற உண்மையும் உலகுக்குத் தெரிந்தது.

இனி, இயந்திரத்தின் தத்துவத்தை நோக்குவோம். சிறுவன் ஒருவன் தும்புத்தடியைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடுவதைக் கண்டிருப்போம். தடி முன்னே சரியத் தொடங்கியதும் அவன் கையை முன்னே கொண்டு செல்கிறான். பின்னே சரிந்தாற் பின்னே இழுக்கிறான். சரியும் தடியைக் கை எட்டிப் பிடிக்கும்வரை தடி நிற்கும்; எட்டிப்பிடிக்கத் தவறிய கணத்தில் தடி விழும். செக்வேயில் மனிதனே தடி, சில்லுகளே கை. மேடையில் நிற்பவர் முன்னே சாய்ந்ததும், கைரோஸ்கோப் முதலான உணர்கருவிகள் அச்சாய்வைக் கணனிக்கு அறிவிக்கின்றன. கணனி செக்கனுக்கு ஏறத்தாழ 100 தடவை கணக்கிட்டு, சில்லுகளை அவரது பாதங்களுக்குக் கீழே முன்னோக்கி ஓட்டுகிறது. அவர் முன்னேறுவது உண்மையில் ஓயாது விழுந்துகொண்டிருப்பதும், ஓயாது தாங்கப்படுவதுமேயாகும். இது மனித மூளையின் நேர்த்தியான படைப்பு என்பதில் ஐயமில்லை. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால், இங்கேதான் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஓட்டும் வேலையையும் தாங்கும் வேலையையும் அதே மோட்டாரே செய்கிறது. மோட்டாரின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. வேகத்துக்குச் செலவான பங்கு போக எஞ்சியதே சமநிலைக்கு உதவும். பற்றரி தளரும்போது அந்த எல்லை கீழே இறங்குகிறது. வேகம் கூடும்போதும் மேடு பள்ளம் குறுக்கிடும்போதும் தேவை மேலே ஏறுகிறது. தேவை மேலேயும் ஆற்றல் கீழேயும் வந்து ஒன்றையொன்று கடக்கும் புள்ளியில் கை தடியை எட்டிப் பிடிக்காது. அப்போது நிற்பவர் முகங்குப்புற விழுவார்.

துவிச்சக்கர வண்டியோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க. மிதிப்பவன் களைத்தால் வண்டி மெதுவாகும். அவன் காலை ஊன்றி இறங்குவான். மோட்டார் வண்டியில் எண்ணெய் தீர்ந்தால் வண்டி தெருவோரத்தில் நிற்கும். இவற்றில் வலு தீர்வதன் விளைவு பயணம் நிற்பது. தன்னைத்தானே சமப்படுத்தும் இயந்திரத்திலோ வலு தீர்வதன் விளைவு மனிதன் வீழ்வது. மனித உடல் தானே செய்துவந்த சமநிலை வேலையை இயந்திரம் வாங்கிக்கொண்டது. வாங்கிய வேலையைக் கடைசிக் கணம்வரை செய்துமுடிப்பதும், முடியாத நிலை வருமுன் மனிதனைப் பத்திரமாக நிலத்தில் இறக்கிவிடுவதும் அதன் கடன். இக்கடனுக்கென ஒரு பங்கு மின்சாரத்தை எப்போதும் தொடாமல் ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

அவ்வாறு ஒதுக்குவதில் உள்ள இடர் விஞ்ஞான இடரன்று; வாணிப இடர். ஒதுக்கிய மின்சாரம் தூரத்தைக் குறைக்கும். விளம்பரத்தில் மின்னுவது தூரமும் வேகமுமே. எவனும் கண்ணாற் காணாத சேமிப்பை எந்த விளம்பரமும் விற்பதில்லை. 2003இல் நடந்த திருத்தத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள். சில்லு மாற்றப்படவில்லை, மோட்டார் மாற்றப்படவில்லை. மாறியது நிரல் மட்டுமே. நிரலை மாற்றித் தீர்க்கக்கூடிய ஆபத்து, முதல் இயந்திரம் தொழிற்சாலையை விட்டு வெளியேறுமுன்பே தீர்த்திருக்கக்கூடிய ஆபத்தன்றோ? அதைக் கண்டறியும் சோதனைக்கூடமாக வாங்கியவர்களின் தலைகள் அமைந்தது எங்ஙனம்?

இடையில் ஒன்று. அதே 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் இவ்வியந்திரத்தில் ஏற முயன்று தடுமாறிய புகைப்படம் வெளிவந்தது. உலகமே சிரித்தது. அதிகாரத்தின் உச்சியில் உள்ளவர் தடுமாறினாற் சிரிப்பு வருவது இயல்பே. ஆனால் வீழ்ச்சி என்றாலே வீழ்ந்தவனின் அசட்டுத்தனம் என்று நகைக்கும் வழக்கம் நமக்குள் எத்துணை ஆழமாக ஊறியிருக்கிறது என்பதையும் அச்சிரிப்புக் காட்டிற்று. பொருளை ஆக்கியவனுக்கு இதைவிடச் சிறந்த கவசம் வேறில்லை.

"எச்சரிக்கை கொடுத்தோம்; அவர் கேட்கவில்லை" என்ற வாதத்தை இந்த வெளிச்சத்திலேயே ஆராய வேண்டும். செக்வே வெறும் பொழுதுபோக்குப் பொருளாக மாத்திரம் வெளிவரவில்லை. 2002ஆம் ஆண்டில் அமெரிக்கத் தபாற்சேவை தன் ஊழியர் சிலரிடம் இதனைப் பரிசோதனையாகக் கொடுத்தது. காவற்றுறையினருக்கும் பண்டகசாலைத் தொழிலாளருக்கும் ஏற்றதென்றும் இது விற்கப்பட்டது. வேலைக்காக இயந்திரத்தின் மேல் நிற்பவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். பற்றரி குறைந்துவிட்டதென்று எச்சரிக்கை வருகிறது. கையில் இன்னும் ஒரு தெருவுக்குரிய கடிதங்கள் இருக்கின்றன. முப்பத்தெட்டுக் கிலோ எடையுள்ள இயந்திரத்தைத் தெருவில் விட்டுச் செல்லவும் இயலாது. வேலையை முடித்துத் திரும்பவேண்டிய நேரம் அவன் குறித்ததன்று. இந்நிலையில் மேலும் சிறிது தூரம் அவன் செல்வானாயின் அதனை அலட்சியம் என்று பெயரிட்டு அழைப்பது அநியாயம். களைத்தவனும், அவசரப்படுபவனும், கவனம் சிதறியவனும் இயந்திரத்தைக் கையாள்வர் என்பதை முன்கூட்டியே கணக்கிற் சேர்ப்பவனே பொறியியலாளன்.

இது புதிய உண்மையன்று. பழைய அமெரிக்கப் பொறியியலாளர் இதனை நன்கறிவர். 1854ஆம் ஆண்டில் எலிஷா ஓட்டிஸ் என்பார் நியூயோர்க்கில் ஒரு கண்காட்சியிலே, தாம் நின்ற உயர்த்தியின் கயிற்றைப் பலர் முன்னிலையில் வெட்டுவித்தார். உயர்த்தி சிறிதே இறங்கி அப்படியே நின்றது. கயிறு அறுந்ததே அதன் பிடிப்பானை இயக்கியது. 1872இல் ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் புகையிரதத்துக்குத் தானியங்கும் காற்றுத் தடுப்பை உருவாக்கினார். காற்றுக் குழாய் உடைந்தால் தடுப்புச் செயலிழக்காது. மாறாக, தானே இறுகிப் புகையிரதத்தை நிறுத்தும். வலு போய்விட்டாற் பாதுகாப்பு மேலோங்க வேண்டும் என்ற விதியை அவர்கள் இரும்பில் எழுதினார்கள்.

ஆனால் விதி இருந்தது. அதனைக் கைக்கொள்ளும் மனம் முதலாளிகளுக்கு இருக்கவில்லை. காற்றுத் தடுப்புக் கையில் இருந்தும், சரக்கு வண்டிகளின் கூரைமேல் ஏறிக் கையால் தடுப்பை முறுக்கிய தொழிலாளர் ஆண்டாண்டாகச் சில்லுகளிடையே விழுந்து மாண்டனர். "குடித்திருந்தான்", "கவனமின்றி நின்றான்" என்பனவே அன்றும் எழுந்த பழிகள். 1893ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமியற்றிக் கட்டாயப்படுத்திய பின்னரே எல்லாக் கொம்பனிகளும் வழிக்கு வந்தன. கண்டுபிடிப்புக்கும் சட்டத்துக்கும் இடையே இருபத்தோராண்டு. அவ்விடைவெளியை நிரப்பியவை தொழிலாளரின் உடல்கள். மோட்டார் வண்டிக் கைத்தொழிலின் கதையும் வேறன்று. ஓட்டுநரின் பிழையே விபத்துக்களுக்குக் காரணம் என்று அது ஓதிவந்ததை ரால்ப் நேடர் 1965இல் தமது நூலில் அம்பலப்படுத்தினார். அடுத்த ஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1972இல் நிறைவேறிய மற்றொரு சட்டத்தின் குழந்தையே செக்வே விடயத்தில் தலையிட்ட நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு. தன் பொருளில் ஆபத்தான குறை இருப்பதாக அறிந்த நிறுவனம் 24 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று விதிப்பது அச்சட்டமே. ஆதலின், 2003இல் செக்வே தன் இயந்திரங்களைத் திருப்பி அழைத்ததை நிறுவனத்தின் பெருந்தன்மை என்று போற்றுவோர் அதன் பின்னால் நின்ற நீண்ட போராட்டத்தை மறந்துவிடுகின்றனர்.

எனினும், மூன்றே சம்பவங்களுடன் ஒரு நிறுவனம் இறங்கி வந்தது உண்மைதானே என்பர். உண்மையே. அப்படியானால் இருபதாண்டுக்குப் பின் நடந்ததை என்னென்பது?

ஒன்வீல் என்பது ஒரே சில்லின் இருமருங்கும் பலகை பொருத்திய மின்சார வாகனம். பியூச்சர் மோஷன் என்னும் கலிபோர்னிய நிறுவனத்தின் ஆக்கம். 2014 முதல் விற்கப்படுவது. சமநிலைத் தத்துவம் செக்வேயினதே. எல்லை நெருங்கும்போது பலகையின் முன்பக்கத்தை மேலுயர்த்திச் செலுத்துபவரை மெதுவாக்க முயலும். எல்லையைக் கடந்துவிட்டாலோ முன்பக்கம் நிலத்திற் குத்தும், செலுத்துபவர் எறியப்படுவார். 2019க்கும் 2021க்கும் இடையில் நான்கு மரணங்கள் பதிவாயின. 2022ஆம் ஆண்டு நவம்பரில் ஆணைக்குழு, இதனை எவரும் பயன்படுத்த வேண்டாமென்று பொதுமக்களை நேரே எச்சரித்தது. ஏனெனில், ஏற்கத்தக்க முறையில் பொருளைத் திருப்பி அழைக்க நிறுவனம் இணங்கவில்லை. ஆணைக்குழுவின் கூற்றை அது வெளிப்படையாகவே மறுத்தது. மேலும் பத்து மாதம் விற்பனை நடந்தது. 2023 செப்டெம்பர் இறுதியிலேயே ஏறத்தாழ 300,000 வாகனங்களும் திருப்பி அழைக்கப்பட்டன. மூளைக்காயம், உடல் செயலிழப்பு, எலும்பு முறிவு என நீண்ட பட்டியல் அவ்வறிவித்தலில் இடம்பெற்றது. புதிய மாதிரிகளுக்கு, எல்லை நெருங்கும்போது அதிர்வாலும் ஒலியாலும் எச்சரிக்கும் நிரல் கொடுக்கப்பட்டது. மிகப் பழைய இரு மாதிரிகளுக்கோ அதுவும் இல்லை. அவற்றை அழித்துவிட்டால், அதே நிறுவனத்திடம் புதிதாக ஒன்றை வாங்க 100 டொலர் கழிவு! ஆயிரம் டொலருக்கு மேல் விலையுள்ள பண்டத்துக்கு இழப்பீடு மீண்டும் ஒரு விற்பனை!

மாண்டவர்களுள் மூவரேனும் தலைக்கவசம் அணியவில்லை என்று அவ்வறிவித்தல் கூறுகிறது. தலைக்கவசம் அணிதல் வேண்டும். இதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும், தலைக்கவசம் விழுந்த பின்னர் உதவுவது. ஏன் விழுந்தார் என்ற கேள்விக்கு அது விடையாகாது. நோயாளி குடை பிடிக்கவில்லை என்று சொல்லி ஒழுகும் கூரையை மறைப்பது போன்றது இவ்வாதம்.

பத்து மாதம் இழுத்தடிக்க ஒரு நிறுவனத்துக்கு எங்கிருந்து துணிவு வந்தது? சட்டம் விட்ட இடைவெளியிலிருந்து வந்தது. குறித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஆபத்தை அறிவிக்குமுன் அந்நிறுவனத்தையே கலந்தாலோசிக்க வேண்டும் என்று ஆணைக்குழுவின் வாயைச் சட்டம் கட்டியிருக்கிறது; 1981இல், றேகன் ஆட்சியில், அக்கட்டு மேலும் இறுக்கப்பட்டது. நிறுவனம் இணங்காவிடின் வழக்காடிக் கட்டாயப்படுத்தலாம். அதற்கோ ஆண்டுகள் கழியும். எனவேதான் ஏறக்குறைய எல்லாத் திருப்பியழைப்புக்களும் "சுயவிருப்பின்" பேரில் நிகழ்பவை எனப்படுகின்றன. குற்றஞ்சாட்டப்பட்டவனோடு பேரம் பேசியே தீர்ப்பெழுத வேண்டிய நீதிபதியின் நிலை இது. இந்நிலையும் பொறுக்கவில்லை போலும். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜனாதிபதி ட்ரம்ப் ஐவர் கொண்ட அவ்வாணைக்குழுவின் மூவரைப் பதவிநீக்கினார். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்நீக்கம் நிலைக்க இடமளித்தது. விழுபவனுக்காகப் பேச அமைந்த ஒரே மன்றத்தின் நாற்காலிகளே இவ்வாறு கவிழ்க்கப்படுகின்றன.

"இத்தகைய கட்டுப்பாடுகள் கண்டுபிடிப்பாளரின் ஊக்கத்தைக் கெடுக்கும்" என்ற பல்லவியை இனியும் கேட்போம். கயிற்றை வெட்டிக் காட்டியதால் உயர்த்தித் தொழில் அழியவில்லை. அதன் பின்னரே மக்கள் நம்பி ஏறினர், மாடங்கள் வானளாவின. கட்டாயக் காற்றுத் தடுப்பினாற் புகையிரதம் நின்றுவிடவில்லை. இன்னும் வேகமாகவும் இன்னும் நீளமாகவும் ஓடிற்று. ஊக்கம் கெட்டது எனில், அது பிறர் உடலைப் பணயம் வைத்து இலாபம் தேடும் ஊக்கமே. அது கெடுதல் நன்று.

செக்வேயின் புகழ்பெற்ற அந்த இருசில்லு மாதிரியின் உற்பத்தி 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. மோட்டார் வண்டி ஒழியவில்லை. ஆனால் அவ்வியந்திரம் எழுப்பிய வினா ஒழிந்துவிடவில்லை. மனிதனின் கை செய்த வேலையையும், கண் செய்த வேலையையும், இன்று மூளை செய்யும் வேலையையும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும் இயந்திரங்கள் நாள்தோறும் வெளிவருகின்றன. ஒவ்வொன்றிடமும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. உன் வலு தீர்ந்தால் உன்னை நம்பியவன் நிற்பானா, வீழ்வானா? அவனைப் பத்திரமாக இறக்குவதற்கென நீ ஒதுக்கியது எவ்வளவு? அவன் வீழ்ந்தால் அதனை உலகுக்குச் சொல்ல உன் எசமானின் அனுமதி வேண்டுமா?

வகுப்பறையில் ஊசலையும் சமநிலையையும் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் தும்புத்தடியை உள்ளங்கையில் நிறுத்திக் காட்டுவதோடு அமையாது, கை தளர்ந்தால் யார் தலையில் அது விழுகிறது என்பதையும் மாணவருக்குக் காட்டுவாராக. பௌதிகவியலின் பாடம் தடி விழுவதோடு முடியலாம். சமூகத்தின் பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.